தோபா ஏரிக்கரைக்கு இரண்டு டிக்கெட்

தெலுக் இந்தான்
4 ஏப்ரல் 2025

அண்ணி அவர்களுக்கு,

மங்களம் எழுதுவது. நீங்கள் என் எண்ணை பிளாக் செய்து மூன்று வாரம் ஆகப்போகிறது. தபால்காரரை யாரும் பிளாக் செய்ய முடியாது, அதனால் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதானாலும் ஒரு முறை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் அண்ணன் சுகுமாரனைக் கட்டிக்கொண்டதால்தான் நீங்கள் எனக்கு அண்ணி. அதற்கு முன்னால் சுங்காய் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. வாடி போடி என்று எழுத வருகிற கையை அடக்கிக்கொண்டு 'நீங்கள்' போட்டு எழுதுகிறேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று தெரியட்டும்.

போனில் நான் கேட்டதில் என்ன தப்பு? அண்ணன் போன வருஷம் ஜூலை பதினாலாம் தேதி தவறினார். இந்த வருஷம் பதினாலு திங்கட்கிழமை, யாருக்கும் வேலையில் சூத்தி கிடைக்காது என்று பெரியண்ணன் அப்பாவு அதற்கடுத்த ஞாயிறு உங்கள் ஈப்போ வீட்டில் திவசம் வைக்கச் சொல்லியாயிற்று. அதுவரை நம் குடும்பத்தில் நல்ல காரியம் கிடையாது. தீபாவளிக்கு முறுக்குக்கூடச் சுடவில்லை. நான் பாசாரில் பூ விற்கிறவள். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் மாலை கட்டிக் கொடுத்துவிட்டு, பந்தியில் உட்காராமல் திரும்பி வருகிறேன். அப்படியிருக்கும்போது நீங்கள் போனைப் போட்டு, ஜூலை பன்னிரண்டாம் தேதி சுமத்ராவில் நம் ரோடா துஜு குழுவினர் பாடுகிறார்கள், வா போகலாம் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

"அண்ணன் சாம்பல்கூட ஆறல, உனக்குக் கச்சேரி கேக்குதாலா" என்று சொல்லிவிட்டேன். காரமாகத்தான் சொல்லிவிட்டேன். ஆனால் நான் சொல்லாவிட்டால் பெரியண்ணன் இதைவிட மோசமாகச் சொல்லியிருப்பார்.

ராயாப் பெருநாள் வாரம், பாசாரில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இவ்வளவு எழுத நேரம் கிடைத்தது. நீங்கள் தனியாக இருக்கிறதால் சமைப்பதே இல்லை, ரொட்டியும் தேத்தண்ணியும்தான் என்று உங்கள் மகன் பவித்ரன் சொன்னான். அது எனக்குத் தேவையில்லாத விஷயம். இருந்தாலும் சோறு சாப்பிடுங்கள்.

மங்களம்

---

ஈப்போ
13 ஏப்ரல் 2025

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

உன்னை மட்டும் நான் பிளாக் செய்யவில்லை. உன் பெரியண்ணன், எங்கள் பெரிய மாமாவையும் சேர்த்து உங்கள் வீட்டில் எல்லோரையும்தான். காலையில் கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்தால் கைப்பேசி துடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருவர் குத்துவிளக்குப் படம் அனுப்புகிறார். ஒருவர் விதவைப் பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று யாரோ பேசிய வீடியோவை அனுப்புகிறார். நோயாளிக்கு டோக்கன் கொடுப்பேனா, இதைப் பார்ப்பேனா?

நீ கேட்க மறந்ததைச் சொல்கிறேன். பாட்டுக்காரர் போல்தாக்குக்குத் தொண்டையில் கட்டி. இந்த வருஷம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதனால் நால்வரும் கடைசியாக ஒரு முறை அவர் ஊர்ப் பக்கம், தோபா ஏரிக்கரையில், திறந்த வெளியில் வாசிக்கிறார்கள். பவித்ரன் சிங்கப்பூரில் இருந்தே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டான். இரண்டாவது யாருக்கு என்று நான் சொல்லவே இல்லை. "அத்தைக்குத்தானேம்மா" என்று அவனே கேட்டான்.

நமக்குப் பதினாறு வயதில் அவர்கள் ஈப்போவுக்கு வந்தார்கள். தோட்டத்துப் பையன்கள் எல்லோரும் லாரி பிடித்துப் போனார்கள். பொட்டப்பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று உன்னையும் என்னையும் விடவில்லை. உன் அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வெறும் சத்தம், ஒன்றுமே விளங்கவில்லை என்றார். நீ மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. நான் பிறகு அவரையே கட்டிக்கொண்டேன், அது வேறு கதை.

எனக்கு நாற்பத்தெட்டு வயது, மங்களம். பள்ளிக்கூடம், கல்யாணம், பிள்ளை, ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் யாராவது சொல்லித்தான் போயிருக்கிறேன். இது நானாகப் போக ஆசைப்பட்ட இடம். தனியாகப் போக எனக்குப் பயம் இல்லை. நீ இல்லாமல் போக மனசு வரவில்லை. இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன்.

சோறு சாப்பிடுகிறேன்.

தினேஸ்வரி

---

தெலுக் இந்தான்
27 ஏப்ரல் 2025

தினேசு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை வாழையிலைக் கட்டுக்கு மேல் வைத்துப் படித்ததில் ஓரத்தில் கறை பட்டுவிட்டது. 'இதற்கு மேல் கெஞ்ச மாட்டேன்' என்று எழுதியிருக்கிறாயே, நீ எப்போது கெஞ்சினாய்? கட்டளை போடுகிற மாதிரி எழுதிவிட்டுக் கெஞ்சினேன் என்றால் அது கெஞ்சலா?

போல்தாக்குக்குத் தொண்டையில் கட்டி என்றதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த முடியும் அந்தக் குரலும்! இப்போது மொட்டையாகிவிட்டாராமே.

எனக்கு ஒரு வழி தோன்றியது. உண்மையில் என் வீட்டுக்காரர் அர்ச்சுனன்தான் சொன்னார். செம்பனைக் காய் லாரியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு யோசிக்க நிறைய நேரம். அவர் சொல்வது இதுதான். இது அண்ணனுடைய கடைசி ஆசை என்று சொல்லிவிடுவோம். 'நான் போனாலும் நீ அந்தக் கச்சேரிக்குப் போ' என்று ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்னார் என்று சொல்வோம். தோபா ஏரியில் அண்ணன் பேரைச் சொல்லி ஒரு கூடைப் பூ விடுவோம். பூ என் செலவு, இங்கிருந்தே கொண்டு வருகிறேன். அண்ணனுக்காகப் போகிறோம் என்றால் பெரியண்ணன்கூட வாயைத் திறக்க மாட்டார். அவரே கையில் ஒரு மாலையைக் கொடுத்து, இதையும் சேர்த்து விடுங்கள் என்று அனுப்பினாலும் அனுப்புவார்.

பொய்தான். ஆனால் யாருக்கும் நோகாத பொய். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியுமே.

மங்களம்

---

ஈப்போ
6 மே 2025

மங்களம்,

வேண்டாம்.

நீ நல்ல மனதோடுதான் சொல்கிறாய், உன் வீட்டுக்காரரும் அப்படித்தான். ஆனால் உன் அண்ணனுக்கு அந்தப் பாட்டு பிடிக்காது. கடைசிவரைக்கும் பிடிக்கவில்லை. காரில் நான் போட்டால், அவர் கை நீட்டிச் சத்தத்தைக் குறைப்பார். கொஞ்ச தூரம் போனதும் நான் கூட்டுவேன். பிறகு அவர் குறைப்பார். கம்பாரிலிருந்து ஈப்போ வரைக்கும் இதே வேலை. அதில் சண்டை இல்லை, அது எங்கள் பழக்கம்.

இப்போது காரில் குறைப்பதற்கு ஆள் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சத்தமாக வைக்கலாம். முதல் மாதம் நான் பாட்டே போடவில்லை. ஒரு நாள் போட்டுவிட்டு, அந்தக் கை வருமென்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். இதை உன்னிடம்தான் சொல்கிறேன்.

அவர் செத்துப் போனதால் அவர் வாயில் எதை வேண்டுமானாலும் வைக்கலாமா? அவர் சொல்லாததைச் சொன்னார் என்று சொன்னால், என்கூட வாழ்ந்த மனுஷன் வேறு யாரோ ஆகிவிடுவார். இருக்கிறவர்களிடம் பொய் சொல்லலாம், அவர்கள் கண்டுபிடித்துத் திட்டுவார்கள். அவரால் திட்ட முடியாது.

நான் அவருக்காகப் போகவில்லை. எனக்காகப் போகிறேன். துக்கமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கும் என்று உங்கள் வீட்டில் கேட்டால், தெரியாது என்று சொல்.

கூடைப் பூவை நல்ல விலைக்கு விற்றுவிடு.

தினேஸ்வரி

---

தெலுக் இந்தான்
21 மே 2025

என் தங்கமே தினேசு,

உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் விழுந்துவிடுவாய்.

நேற்று வீரம்மாக்கா கடைக்கு வந்து, வீட்டுக்காரருக்குத் திவசம், ஐந்து கட்டு இலை வேண்டும் என்று அடுத்த வாரத்துக்குச் சொன்னார். எனக்குக் குழப்பம். அவர் போனது அடுத்த மாதம்தானே, அப்போது பள்ளி விடுமுறைகூட என்று கேட்டேன். அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அது இங்கிலீஷ் தேதி மங்களம். திதி முன்னாலேயே வந்துருதுலா. பூ விக்கிறவ நீயே இப்படிக் கேக்கலாமா" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன், தினேசு. பத்து வருஷமாக ஊரார் திதிக்கெல்லாம் இலை கட்டிக் கொடுக்கிறேன். முகூர்த்த நாள், அமாவாசை, சஷ்டி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் காலண்டரைப் பார்க்காமலே சொல்கிறேன். சொந்த அண்ணனுக்கு மட்டும் மரணப் பத்திரத்தில் இருந்த தேதியையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். பெரியண்ணன் ஜூலை பதினாலு என்றார், அரசாங்க முத்திரை குத்தியிருந்தது, ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அண்ணன் போனது ஆனி மாதம் வளர்பிறை அஷ்டமி. இந்த வருஷம் அது ஜூலை மூன்றாம் தேதியே வந்துவிடுகிறது. அன்றைக்குத் திவசம் கொடுத்துவிட்டால் வருஷம் முடிந்தது, துக்கம் கழிந்தது. பன்னிரண்டாம் தேதிக் கச்சேரிக்கு நாம் ராஜாத்தி மாதிரி போகலாம். கோயில் பூசாரியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரியண்ணனிடம் சொல்ல வைத்தேன். அவர் முகம் சுருங்கித்தான் போனது, ஆனால் திதிக்கு எதிராக அவர் என்ன பேச முடியும்? வியாழக்கிழமை, எல்லோரும் சூத்தி எடுக்கட்டும் என்று மாற்றிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. உன் முதல் கடிதம் வந்த வாரமே பஸ் ஏறி ஈப்போ வந்து எடுத்தேன். ஏன் எடுத்தாய் என்று கேட்காதே, அன்றைக்கு எனக்கே பதில் தெரியாது. எடுத்துவிட்டு உன் கிளினிக் வாசல் வரைக்கும் வந்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். நீ ஒரு சீனக் கிழவருக்கு, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாய். ரொம்ப இளைத்திருந்தாய். உள்ளே வந்தால் அழுதுவிடுவேன் என்று திரும்பிவிட்டேன்.

எந்த விமானம், எத்தனை மணி, என்ன உடுத்த வேண்டும், எல்லாம் எழுது.

உன் மங்களம்

---

ஈப்போ
29 மே 2025

மங்களம்,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். நீ கண்ணாடிக் கதவைப் பற்றி எழுதிய இடத்துக்கு வந்ததும் மூடி வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பிப் போவாயா? உன்னை என்ன சொல்வது?

ஒன்று சொல்ல வேண்டும், சொன்னால் நீ வருத்தப்படுவாய். திதி முன்னால் வருமென்று எனக்குத் தெரியும். கருமாதி அன்றைக்கே குருக்கள் சொன்னார். நீங்கள் எல்லோரும் பதினாலு பதினாலு என்றபோது நான் திருத்தவில்லை.

ஏன் என்றால், கச்சேரி சேதி வந்ததும் நான் கேட்டது உன்னை. பஞ்சாங்கத்தை இல்லை. துக்கம் இருந்தாலும் சரி, யார் என்ன சொன்னாலும் சரி, உன்கூட வருகிறேன் என்று நீ சொல்வாயா என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பேராசை. இப்போது நீ வருகிறாய், ஆனால் அஷ்டமி விட்டதால் வருகிறாய். இது என் கோணல் புத்தி என்றே வைத்துக்கொள். இருந்தாலும் மனசில் கிடக்கிறதை மறைத்துவிட்டு உன் பக்கத்தில் நின்று பாட்டுக் கேட்க என்னால் முடியாது.

சொல்லிவிட்டேன், தீர்ந்தது. வா. பினாங்கிலிருந்து மேடானுக்கு விமானம், அங்கிருந்து தோபாவுக்கு வேனில் நாலு மணி நேரம். மேட்டு நிலம், குளிரும், ஒரு ஜாக்கெட் எடுத்துக்கொள். தயவு செய்து பட்டுச்சேலை கொண்டு வராதே.

உன் எண்ணைத் திறந்துவிட்டேன். இருந்தாலும் கடிதமே எழுது. போனில் நாம் இருவரும் ஒழுங்காகப் பேசுவதில்லை.

தினேசு

---

ஈப்போ
10 ஜூன் 2025

மங்களம்,

ஒரு சேதி. போல்தாக்குக்கு வலி அதிகமாகி டாக்டர் அறுவை சிகிச்சையை முன்கூட்டியே செய்யச் சொல்லிவிட்டார். அதனால் கச்சேரியையும் முன்னால் வைத்துவிட்டார்கள். ஜூன் இருபத்தெட்டு, சனிக்கிழமை.

திவசத்துக்கு முந்தின வாரம். இப்போது எந்தக் காலண்டரை எடுத்துப் பார்த்தாலும் அது துக்கத்துக்குள்தான்.

நான் போகிறேன். விமான டிக்கெட்டை மாற்றிவிட்டேன். உன்னுடையதை மாற்றவில்லை, நீ சொன்ன பிறகு பார்க்கலாம் என்று பவித்ரனிடம் சொல்லியிருக்கிறேன். போன கடிதத்தில் எழுதியதை நினைத்து நீ கட்டாயத்துக்காக வர வேண்டாம். அது நல்ல நாள் இருந்தபோது எழுதியது.

தினேசு

---

தெலுக் இந்தான்
16 ஜூன் 2025

தினேசு,

என்னால் முடியாது.

நாலு நாளாக எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இதுதான் நிற்கிறது. பெரியண்ணனிடம் மெதுவாகப் பேச்சைப் போட்டுப் பார்த்தேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அவ போனா போகட்டும். நீ போனேன்னா, நான் தம்பி திவசத்துக்கு வரமாட்டேன்" என்றார். எங்களுக்கு அப்பா போனதிலிருந்து அவர்தான் அப்பா, உனக்குத் தெரியும். என் கல்யாணத்துக்குத் தாரை வார்த்துக் கொடுத்தது அவர் கை. அவர் இல்லாமல் அண்ணன் படையலுக்கு முன்னால் நான் எப்படி நிற்பேன்?

நீ போய்விட்டு வா. எனக்கும் சேர்த்துக் கேள். உன்னை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் சும்மா விடமாட்டேன் என்று எழுத வந்தேன். பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். பெரியண்ணனுக்கு எதிரில் நான் என்றைக்காவது வாயைத் திறந்திருக்கிறேனா? சமையல்கட்டில் நின்று உன்னிடம்தான் முணுமுணுப்பேன். இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன். அதுதான் எனக்கே பிடிக்கவில்லை.

என் டிக்கெட்டை யாருக்காவது கொடுத்துவிடு.

மங்களம்

---

ஈப்போ
20 ஜூன் 2025

மங்களம்,

கோபம் இல்லை. நிஜமாகவே இல்லை.

உன் டிக்கெட்டை யாருக்கும் கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். பவித்ரனிடம் சொல்லி அதையும் மாற்றி வைத்துவிட்டேன். உன்னை எதிர்பார்த்து இல்லை, அது உன் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை அவால் முஹராம் விடுமுறை, கிளினிக் மூடியிருக்கும். காலையிலேயே பினாங்கு போய்விடுவேன்.

நீ அழாதே.

தினேசு

---

தெலுக் இந்தான்
1 ஜூலை 2025

தினேசு,

திரும்பி வருகிற விமானத்தில் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் வாயைத் திறக்க முடியவில்லை. தொண்டையில் குரலே இல்லை என்பது ஒரு காரணம். அதனால் எழுதுகிறேன். அர்ச்சுனன் நாளை உன் பக்கம் வருகிறார், கையிலேயே கொடுத்துவிடுவார்.

'நீ அழாதே' என்று எழுதினாய் பார், அதுதான் என்னைக் கெடுத்தது. திட்டியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன். வெள்ளிக்கிழமை காலை பூக்கூடையை இறக்கிக்கொண்டிருந்தேன். இந்நேரம் அவள் தனியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள் என்று ஒரு நினைப்பு. கூடையை அப்படியே வைத்துவிட்டு அர்ச்சுனனைப் பார்த்தேன். அவர் லாரிச் சாவியை எடுத்தார். விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் நீ, "செம்பனைக் காய் வாசம் அடிக்குது" என்றாய். அதைத் தவிர உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா?

அந்த ஏரியைப் பார்த்துக் கடல் என்று நான் சொன்னதற்கு வேன்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருப்பார். மழையில், சேற்றில், அவ்வளவு கூட்டத்தில், என் ஒற்றைச் செருப்பு போன இடம் தெரியவில்லை. நம் வயசுப் பொம்பளைகள் எத்தனை பேர், பார்த்தாயா? முக்காடு போட்டவர்கள், தேவாலயத்துச் சிலுவை போட்டவர்கள், எல்லோரும் வரிக்கு வரி பாடுகிறார்கள். நமக்கு மட்டும்தான் மனப்பாடம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் போல்தாக்குக்குக் குரல் உடைந்து, மைக்கைக் கூட்டத்துப் பக்கம் திருப்பிவிட்டு நின்றாரே, அப்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் நானே கத்திப் பாடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் அழுகை வந்தது. பாட்டுக்காக இல்லை. அண்ணனுக்காக. அண்ணன் போன அன்று மாலை கட்டியது நான். பதினாறாம் நாள் இலை, பூ, சாமான் எல்லாம் நான். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, பெரியண்ணனைப் பார்த்துக்கொண்டு, உன்னைப் பார்த்துக்கொண்டு, ஒரு வருஷமாக ஓடிக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்து அழுதேனா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும், அண்ணே அண்ணே என்று வாய்விட்டுக் கூப்பிட்டு அழுதேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தாயே, அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. துக்க வருஷத்தில் சிரித்தேன். அண்ணனுக்கு அதில் ஒன்றும் குறைந்துபோனதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி கெட்ட சேதி. சேறும் சிரிப்புமாக நாம் நின்ற படம் எப்படியோ பெரியண்ணனிடம் போய்விட்டது. நேற்றுப் போன் செய்தார். என்னைத் திட்டவில்லை, உன்னைத்தான். "அவதான் உன்ன இழுத்துட்டுப் போயிட்டா. புருஷன் போய் வருஷம் திரும்பல, எங்க தங்கச்சியவும் கெடுத்துட்டா" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, தினேசு. குரல் இல்லாததாலா, பயத்தாலா, எனக்கே தெரியவில்லை. அவர் போனை வைத்த பிறகும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். சுமத்ராவரை உன்னோடு வந்த எனக்கு, வீட்டுக்குள் ஒரு வார்த்தை உனக்காகச் சொல்ல முடியவில்லை.

நாளை மறுநாள் விடியற்காலையிலேயே வந்துவிடுவேன். இலையும் பூவும் என் பொறுப்பு. அவர் வருவாரா மாட்டாரா, தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

மங்களம்

---

ஈப்போ
6 ஜூலை 2025

என் மங்களத்துக்கு,

வீடு கழுவி முடித்துவிட்டேன். பவித்ரன் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சமிருந்த வாழையிலையைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா நாசி லெமாக் கட்ட வாங்கிக்கொண்டு போனார். இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது.

வியாழக்கிழமை நடந்ததை நீயும்தான் பார்த்தாய். ஆனால் நீ கூடத்தில் இருந்தாய், நான் அடுப்படியில் இருந்தேன். என் பக்கத்தில் இருந்து எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரியாது.

பெரிய மாமா வந்துவிட்டார் என்று பவித்ரன் ஓடி வந்து சொன்னதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தம்பி படையலுக்கு அண்ணன் வராமல் போயிருந்தால் அந்தப் பழி என் தலையில்தான் கடைசிவரை கிடந்திருக்கும். பவித்ரன் தேங்காய் உடைத்தான், தீபம் காட்டினான். உன் அண்ணனுக்குப் பிடித்த தெம்பே சம்பலை இலையில் கொஞ்சம் கூடுதலாகவே நீ வைத்ததை நான் பார்த்தேன். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து எல்லோரும் பந்திக்கு உட்கார்ந்தார்கள். நான் அப்பளம் பொரிக்க உள்ளே போனேன். அப்போதுதான் பெரிய மாமா ஆரம்பித்தார். அவர் மெல்லப் பேசினாலும் சுவர் தாண்டிக் கேட்கும். சாப்பாட்டில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் இந்த வீட்டுப் பொம்பளைக்கு அடக்கம் போதாது, தானும் போய் நம் வீட்டுப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு போனாள் என்றார். ஆமாம் ஆமாம் என்று இரண்டு மூன்று குரல்.

கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புதிதில்லை. உங்கள் வீட்டில் என்னைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் அடுப்படியில்தான் இருப்பேன். கேட்காத மாதிரி இருந்துவிட்டு, பிறகு ரசம் ஊற்ற வெளியே போவேன். உன் அண்ணன் நல்லவர். என்னை அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை. ஆனால் பெரியவர் பேசும்போது இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். உன் கடிதத்தைப் படித்திருந்ததால், நீயும் இலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். அதற்காக உன்மேல் வருத்தப்படக் கூடாது என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன்.

அப்போது உன் குரல். குரலா அது? கட்டிப்போய், கரகரவென்று, பாதி காற்று.

"என்னை யாரும் இழுத்துட்டுப் போகல பெரியண்ணே. நானாதான் போனேன். அவ என்னை வராதேன்னுதான் எழுதினா. சுகு அண்ணன் செத்ததுக்கு நான் அழுததே அங்க போய்த்தான். அதுவரைக்கும் என்னை யாரு அழ விட்டீங்க?"

நீ அதோடு நிறுத்தவில்லை. "அண்ணிய இனிமே யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க" என்றாய்.

அப்பளம் கருகிப் புகை வந்தது, அடுப்பை அணைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. வெளியே வந்து உன்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. திவச வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் கட்டிப்பிடித்தார்கள் என்று அடுத்த கதை தொடங்கிவிடும் என்றுதான் நின்றுவிட்டேன். பிறகு நீயே, யாருக்குச் சாம்பார் வேண்டும் என்று கேட்டாய். முதலில் கையை நீட்டியது பெரிய மாமா என்று பவித்ரன் சொன்னான்.

நீ கிளம்பிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. பெரிய மாமா காரில் ஏறப்போனவர் திரும்பி வந்து அடுப்படி வாசலில் நின்றார். கருகின சட்டியைப் பார்த்தார். "மங்களம் அங்க ரொம்ப அழுதாளாம்மா" என்று கேட்டார். ரொம்ப அழுதாள் மாமா என்றேன். தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் சம்பல் கட்டித் தரச் சொன்னார். மிச்சம் இருந்ததை எல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ரோடா துஜுவை நான் இனிப் பார்க்கப் போவதில்லை. போல்தாக் இனிப் பாட மாட்டார். இத்தனை வருஷம் ஆசைப்பட்ட பாட்டை நேரில் கேட்டுவிட்டேன், அது எனக்குப் போதும். ஆனால் நீ கேட்டாயே விமானத்தில், சைகையில், எது ரொம்பப் பிடித்தது என்று. அன்றைக்கு ஏதோ ஒரு பாட்டின் பெயரைச் சொன்னேன். இப்போது கேட்டால் வேறு பதில் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது, மங்களம். அந்தக் கூடத்தில் எனக்காக ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உன் தினேசு